ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு கம்ப்யூட்டரும்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு மண்வள அட்டை கொடுக்கப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராக அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் போகவில்லை. அட்டையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இதுல பன்னிரண்டு அயிட்டம் போட்டிருக்கீங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம், போரான் எல்லாம் இருக்குது. மண்ணுக்குள்ள உசுரு இருக்குது, நுண்ணுயிரு இருக்குதுன்னு பொழுதன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. அந்த உசுரு எவ்வளவு இருக்குதுன்னு இதுல ஏன் எழுதல?" என்று கேட்டார்.

அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு வரி இருக்கிறது அல்லவா, அதைக் காட்டினேன். "பெரியவரே, இது அதிகமா இருந்தா நுண்ணுயிரும் அதிகமா இருக்கும்" என்றேன். அவர் விடவில்லை. "அது சாப்பாடு சார். நான் கேக்கறது சாப்பிடுற ஆளு எத்தனைன்னு" என்றார்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கேள்வி நியாயமானதுதான் என்று பட்டது. அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

நல்ல நிலத்து மண் ஒரு கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவுதான். அதில் பாக்டீரியா மட்டுமே பத்துக் கோடிக்கு மேல் இருக்கும். நல்ல தொழு உரம் கண்ட மண்ணாக இருந்தால் நூறு கோடியைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. இவற்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவர் விஞ்ஞானி கூட இல்லை. 1670களில் ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த லீவன்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டார், சரி. இது எந்த வகை, இது என்ன வேலை செய்கிறது என்று எப்படிப் பிரிப்பது? உருண்டையாக ஒன்று, குச்சியாக ஒன்று, அவ்வளவுதான் தெரியும். உரம் தருகிற குச்சியும் நோய் தருகிற குச்சியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

பிறகு 1880களில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி பிறந்தது. இதற்கு யோசனை சொன்னவர் ஒரு வீட்டுப் பெண்மணி. அங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி, ஃபேனி ஹெஸ் என்று பெயர். சமையலறையில் பழப்பாகு கெட்டியாவதற்குக் கடல்பாசி போடுகிறேனே, அதை ஆய்வுக்கூடத்தில் போட்டுப் பாருங்களேன் என்றார். கிருமிகளை வளர்க்கிற தட்டுக்கு இன்று வரை உலகம் முழுவதும் அந்தக் கடல்பாசி, அதாவது அகர்தான். நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்தும் இதே அகர் எடுக்கிறார்கள்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தட்டில் ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் புள்ளி புள்ளியாக வளரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம். எண்ணிவிடலாம். அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போ பாக்டீரியா எல்லாம் இப்படிப் பிரித்தெடுத்து வந்தவைதான். 1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்தார்களே, சயரோகத்துக்கு முதல் மருந்து, அதுவும் இப்படி வந்ததுதான்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் நூறு தெரிந்தால் தட்டில் வளர்வது ஒன்றுதான். சில சமயம் அதுவும் இல்லை. நாம் கல்யாணத்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, பந்திக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி ஊர் ஜனத்தொகை இவ்வளவு என்று எழுதினால் எப்படி இருக்கும்? இந்தச் சாப்பாடு பிடிக்காதவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால்தான் வருவேன் என்கிறவர்கள், காற்றுப் பட்டாலே செத்துப் போகிறவர்கள், எல்லோரும் கணக்கில் விட்டுப்போனார்கள். அதனால்தான் பெரியவரே, உங்கள் அட்டையில் எழுதவில்லை. எழுதினால் அது பொய்க் கணக்காக இருந்திருக்கும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது என்று சொல்கிறேன்.

எல்லா உயிருக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட இழை இருக்கிறது. நான்கே நான்கு எழுத்தில் எழுதிய ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு ஒரு ஏடு, மாட்டுக்கு ஒரு ஏடு, பாக்டீரியாவுக்கு ஒரு ஏடு. இந்த எழுத்தைப் படிக்கிற இயந்திரங்கள் வந்துவிட்டன. உயிரைத் தட்டில் வளர்க்க வேண்டியதில்லை. மண்ணை எடுத்து, அதிலிருக்கிற நுண்ணுயிர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக உடைத்து, ஏடுகளை வெளியே எடுத்துப் படித்துவிடலாம்.

படிக்கலாம், ஆனால் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? கரையான் அரித்த ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் ஒரு பரணில் கிடக்கின்றன. எல்லாம் துண்டு துண்டாகப் போய் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. கூடையில் அள்ளி உங்கள் முன்னால் கொட்டி, எந்தத் துண்டு எந்தச் சுவடி என்று பிரித்துக் கொடு என்றால் எப்படி இருக்கும்? அதுதான் மண்ணின் நிலைமை. ஒரே மண் மாதிரியில் கோடிக்கணக்கான துண்டுகள். மனிதன் உட்கார்ந்து பிரித்தால் ஏழு தலைமுறை ஆகும். கம்ப்யூட்டர் தேவைப்படுவது இங்கேதான்.

சாதாரணக் கம்ப்யூட்டர் நாம் சொன்னதைச் செய்யும். ரேஷன் கடையில் பில் போடுகிறதே, அந்த மாதிரி. ஆனால் இந்த வேலைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று நமக்கே தெரியாது. அதனால்தான் செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ. என்று இப்போது எங்கே பார்த்தாலும் பேசுகிறார்களே, அதைக் கொண்டுவந்தார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். மாட்டுச் சந்தைக்குத் தரகரோடு அவர் பையன் போகிறான். "இது நாலு பல்லு, இது ஏறுக்கு ஆகாது, இது கறவைக்கு நல்லது" என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார். சட்டம், விதி என்று எதுவும் சொல்லித் தரமாட்டார். ஆயிரம் மாடு பார்த்த பிறகு பையனுக்குத் தானாக ஒரு கண் வந்துவிடும். எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டால் அவனுக்கே முழுசாகச் சொல்லத் தெரியாது. ஆனால் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஏ.ஐ. என்பது இப்படிப் பழக்கப்பட்ட கம்ப்யூட்டர். ஆயிரம் மாடு இல்லை, லட்சக்கணக்கில் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவடித் துண்டுகளுக்கு வருவோம். ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் எழுத்துப் பழக்கம் உண்டு. ஒன்றில் சில எழுத்துக் கூட்டு அடிக்கடி வரும், இன்னொன்றில் வராது. அதோடு, ஒரே சுவடியின் துண்டுகள் எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் கூடும், குறையும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் துண்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரிக்கக் கம்ப்யூட்டர் பழகிக்கொள்கிறது. 2021-ல் டென்மார்க் நாட்டில் இதற்கென்றே ஏ.ஐ. முறை ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். யாரும் இதுவரை தட்டில் வளர்த்துப் பார்க்காத உயிர்களின் ஏடுகள் இப்படிக் கட்டுக் கட்டாக வந்துகொண்டிருக்கின்றன.

2018-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன், நமக்கு இது ரொம்ப முக்கியம். ஆறு கண்டங்களில் 18 நாடுகளில் 237 இடங்களிலிருந்து மண் எடுத்தார்கள். அதில் சுமார் 25 ஆயிரம் வகை பாக்டீரியா தென்பட்டது. ஆனால் வெறும் 511 வகைதான், நூற்றுக்கு இரண்டு வகைதான், மண்ணில் உள்ள கூட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி. ஊரில் எத்தனையோ குடும்பம் இருந்தாலும் நிலம் பாதி நாலு வீட்டில் இருந்த மாதிரி. அந்த நாலு வீட்டை அறிந்தால் பாதி ஊரை அறிந்த மாதிரிதானே?

அடுத்து, இந்த 511 வகையும் எந்த மண்ணை விரும்புகின்றன என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். இதற்கு 'முடிவு மரம்' என்று ஒரு முறை உண்டு. ஒரு மரம் ஒரு பஞ்சாயத்துக்காரர் மாதிரி. "கார அமில நிலை கூடுதலா, குறைவா? மழை உண்டா, இல்லையா? செடி கொடி அடர்த்தியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய் ஒரு தீர்ப்புச் சொல்லும். ஒரு மரத்தை நம்பினால் ஏமாந்து போவோம். அதனால் நூற்றுக்கணக்கான மரம் நடுவார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் விவரத்தில் ஒரு பகுதியைத்தான் காட்டுவார்கள். கடைசியில் எல்லா மரத்தின் பேச்சையும் கேட்டு, அதிகம் பேர் சொன்னது எதுவோ அதுதான் தீர்ப்பு. இதற்கு விஞ்ஞானிகள் காடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

வந்த பதில் என்ன? காரமான மண்ணை விரும்புகிற கூட்டம் ஒன்று, அமில மண்ணை விரும்புகிற கூட்டம் ஒன்று, வறண்ட பூமிக் கூட்டம் ஒன்று, செடி கொடி குறைந்த நிலத்துக்கு ஒன்று, வறண்ட காட்டுக்கு ஒன்று. களர் நிலத்தில் ஒன்று வரும், செம்மண்ணில் வேறு ஒன்று வரும் என்று பயிரைப் பற்றி நமக்கு முன்னோர் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத பயிருக்கும் அதே நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது.

இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வரும். சொல்லிவிடுகிறேன்.

2009-ல் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆடிப்பட்டத்து மணிலாவுக்கு ரைசோபியம் பொட்டலம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு விவசாயிக்கு நானே ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் இன்னும் மூன்று ஊர். உச்சி வெயில். அவரிடம், பாதி நிலத்துக்குப் போடுங்கள், பாதிக்குப் போடாமல் விடுங்கள், வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பதாம் நாள் போனேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி நின்றது. அவர் ஒன்றும் கோபப்படவில்லை. "சார், கரித்தூளைப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பொட்டலத்தில் இருப்பது பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்த பாக்டீரியா, பார்க்க அது கரித்தூள்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பல வருஷம் நான் சொன்ன எதையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பெட்டிச் சூட்டில் பாக்டீரியா செத்ததா? விதைக்கு முந்தின நாள் பூஞ்சாண மருந்து கலந்திருந்தார், ஒரு நாள் கழியுமுன்னேயே பொட்டலத்தையும் கலந்தாரா? அல்லது மூன்றாவது காரணமா? மூன்றாவது காரணம் என்னவென்றால், நம் ஊர் மண்ணில் மணிலாவுக்கும் காராமணிக்கும் முடிச்சுப் போடுகிற நாட்டு ரைசோபியம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. அவை உள்ளூர்க்காரர்கள். பொட்டலத்தில் போனது வெளியூர்க்காரர். வேரில் இடம் பிடிப்பதில் உள்ளூர்க்காரர்களோடு போட்டி போட முடியாமல் வெளியூர்க்காரர் பட்டினி கிடந்திருக்கலாம். இப்போதாக இருந்தால் வேர் முடிச்சை எடுத்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று ஏட்டைப் படித்துச் சொல்லிவிட முடியும்.

அதைவிட நல்லது, பொட்டலம் போடுவதற்கு முன்னாலேயே இந்த மண்ணில் எடுக்குமா எடுக்காதா என்று சொல்வது. இதை ஸ்விட்சர்லாந்தில் செய்து பார்த்துவிட்டார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 54 மக்காச்சோள வயல்கள், எல்லாம் விவசாயிகளின் சொந்த வயல்கள். வேர் உட்பூசணம், வேம் என்று நாம் சொல்கிறோமே, அதைப் போட்டுப் பார்த்தார்கள். சில வயலில் பயிர் வளர்ச்சி நூற்றுக்கு 40 பங்கு கூடியது. சில வயலில் 12 பங்கு குறைந்தே போனது! ஒரே பூசணம், ஒரே பயிர். எனக்கு நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது என்று படித்தபோது, உள்ளபடியே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. விதைப்புக் காலத்தில் எடுத்த மண்ணின் குணங்களையும் அதில் எந்தெந்த நுண்ணுயிர் இருந்தது என்ற ஏட்டுக் கணக்கையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். எந்த வயலில் பலன் வரும், எதில் வராது என்ற ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு 86 பங்கை அந்தக் கணக்கால் விளக்க முடிந்தது. அதில் பெரிய துப்பு கொடுத்தது எது தெரியுமா? தழைச்சத்து மணிச்சத்து அல்ல. நோய் உண்டாக்குகிற பூஞ்சாணம் மண்ணில் எவ்வளவு இருந்தது என்பதுதான். மண்வள அட்டையில் உள்ள எதையும்விட, அட்டையில் இல்லாத ஒன்று அதிகம் பேசியிருக்கிறது. பெரியவர் கேட்டது சரிதானே?

அப்படியானால் நாளைக்கே நம் மண்ணையும் கொடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்பீர்கள். அவசரம் வேண்டாம். தரகர் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் ஆயிரம் மாடு பார்த்தது முழுக்கக் காங்கேயம் சந்தையில். அவனைக் கொண்டுபோய் வேதாரண்யம் பக்கம் உம்பளச்சேரி மாட்டுக்கு முன்னால் நிறுத்தினால், குள்ளமாக இருக்கிறதே, இது தேறாது என்பான். சேற்றில் அதை அடிக்க மாடு கிடையாது என்று டெல்டாக்காரர்களுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் பழகிய மண்ணில் பெரும்பகுதி குளிர் நாடுகளின் மண். வெப்ப பூமியின் மண் குறைவாகத்தான் அதன் கண்ணில் பட்டிருக்கிறது. நம் செம்மண்ணையும் கரிசலையும் வண்டலையும் காட்டிப் பழக்கினால்தான் அதற்கு நம் ஊர்க் கண் வரும்.

இன்னொரு கோளாறும் உண்டு. நுண்ணுயிர் செத்த பிறகும் அதன் ஏடு மண்ணில் கொஞ்ச காலம் கிடக்கும். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், பார்த்த மண்களில் சராசரியாக நூற்றுக்கு 40 பங்கு ஏடு இப்படிச் செத்தவற்றினுடையது என்று கண்டார்கள். வாக்காளர் பட்டியலில் போய்ச் சேர்ந்தவர்கள் பெயர் இருக்கிறதே, அந்த மாதிரி. பட்டியலைப் பார்த்து, ஊரில் இத்தனை பேர் என்று கம்ப்யூட்டர் கூசாமல் சொல்லிவிடும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல அதற்கு யாராவது பழக்கியிருந்தாலொழிய, அதுவாகச் சொல்லாது.

இதை எல்லாம் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் ஒருவர் வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. வயலில் நின்று செல்போனில் மண்ணைப் படம் எடுத்தார். இரண்டே நிமிஷத்தில், "ஏ.ஐ. உங்க மண்ணைப் பார்த்திடுச்சு. நல்ல பாக்டீரியா நூத்துக்கு பதினெட்டுதான் இருக்குது" என்று திரையில் சிவப்பு எழுத்தில் காட்டினார். அதைச் சரிசெய்ய மூன்று பாட்டில். ஒரு விதவைத் தாய், ஆடு விற்ற பணத்தில் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். பாட்டிலில் என்ன பாக்டீரியா என்று பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை, தயாரித்த தேதி இல்லை, எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது வெயில் விழுகிற திண்ணையில் வரிசையாக வைத்திருந்தார்.

தாய்மார்களே, பெரியோர்களே, செல்போன் படத்தில் மண்ணின் நிறம் தெரியும், வெடிப்புத் தெரியும், இலையில் புள்ளி இருந்தால் அது தெரியும். இலையைப் படம் எடுத்து நோயை அடையாளம் சொல்லும் ஏ.ஐ. உண்மையிலேயே இருக்கிறது, அதில் ஓரளவு பலனும் உண்டு. ஆனால் மண்ணுக்குள் இருக்கிற பாக்டீரியாவைச் செல்போன் படம் காட்டாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கிற உயிர் அது. மண்ணை எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, ஏட்டைப் பிரித்துப் படிக்காமல் யாராலும் அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. இரண்டு நிமிஷத்தில் சொல்கிறேன் என்று வந்தால், உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் கொடுக்காதீர்கள்.

மண்ணுக்குள் இருந்து மருந்து எடுக்கிற வேலையிலும் ஏ.ஐ. இறங்கியிருக்கிறது. நிலம், கடல், மனித வயிறு என்று உலகெங்கும் இருந்து சேர்ந்திருந்த 63,410 மாதிரிகளின் ஏடுகளைக் கம்ப்யூட்டரைவிட்டுத் துழாவச் சொல்லி, கிருமியைக் கொல்லக்கூடியவை என்று எட்டரை லட்சத்துக்கு மேல் சிறு புரதங்களைப் பட்டியல் போட்டார்கள். 2024-ல் வெளியான வேலை. அதில் நூறை மட்டும் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்ததில் 79 வேலை செய்தன. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் இது நல்ல சேதி. மருந்துக் கடைக்கு வர இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும், அது வேறு விஷயம்.

நெல் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. வயலில் தண்ணீர் தேங்கியே நின்றால், காற்றில்லாத சேற்றில் ஒரு கூட்டம் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். கால் வைத்தால் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் இதுவும் உண்டு. இவை பாக்டீரியாவே அல்ல, தனி இனம் என்று 1977-ல் அமெரிக்காவில் கார்ல் வோஸ் என்பவர் இந்த ஏட்டிலிருந்து உயிர் எடுக்கிற ஆர்.என்.ஏ. என்ற நகலைப் படித்துத்தான் கண்டுபிடித்தார். தண்ணீரை வடித்துக் காயவிட்டால் மண்ணுக்குக் காற்றுக் கிடைக்கும், மீத்தேன் கூட்டம் அடங்கும், மீத்தேனைத் தின்கிற பாக்டீரியா தலையெடுக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள் என்று நாங்கள் சொல்வது தண்ணீர்ச் சிக்கனத்துக்கு மட்டும் இல்லை. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

சரி, மணிலாவுக்கு வருவோம். இந்த ஆடிப்பட்டத்துக்கு ரைசோபியம் போடுகிறவர்கள் நான் 2009-ல் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பொட்டலத்தை வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். வெயிலில் கொண்டு போகாதீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள், வீட்டில் பானை அடுக்குக்குப் பக்கத்தில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பூஞ்சாண மருந்தை முதலில் கலந்துவிட்டு, ஒரு நாள் முழுசாகக் கழித்துப் பாக்டீரியாவைக் கலக்க வேண்டும். எக்டேருக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. நன்றாக ஆறிய வடிகஞ்சியில் கலந்து, விதைத் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். 'ஆறிய' என்று அழுத்திச் சொல்கிறேன். சூடான கஞ்சியில் கலந்துவிட்டு, பொட்டலம் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்களும் உண்டு.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஏ.ஐ. வேண்டாம், ஒரு பிளேடு போதும். முப்பத்தைந்து, நாற்பது நாளில் ஒரு செடியை மண்ணோடு அலுங்காமல் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் இருக்கிற முடிச்சைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாக, ரோஸ் நிறமாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்பது இதில் தெரியாதுதான். ஆனால் வேலை செய்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

திண்டிவனத்துப் பெரியவரிடம் இதை எல்லாம் போன வாரம் நேரில் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் மண்வள அட்டையை எடுத்து வந்தார். பன்னிரண்டு வரிக்குக் கீழே பேனாவால் அவரே '13. உசுரு' என்று எழுதி, எதிரே ஒரு கோடு போட்டு, காலியாக விட்டிருந்தார். "எப்ப தெரியுதோ அப்ப எழுதிக் குடுங்க, வச்சிருக்கேன்" என்றார். அதுவரைக்கும், ஆடியில் விதைக்கும்போது கிழக்கு ஓரமாக நாலு சால் ரைசோபியம் போடாமல் விட்டுவைப்பதாகவும், நாற்பதாம் நாள் நான் பிளேடோடு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நானும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்கள் வயலிலும் அதே மாதிரி நாலு சால் விட்டுவையுங்கள். முடிச்சு என்ன நிறத்தில் இருந்தது என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வந்து சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்வோம்.